ஓட்டுநருக்கு இடப்பக்கம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாங்கள் நேராக வீட்டுக்குப் போக மாட்டோம். கோயில் வாசலில் ஃபாதருக்கு ஒரு வணக்கம், தெரிந்தவர்களோடு இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். அதற்கு மேல் நான் நின்று பேசினால் என் கணவர் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு பாதியில் அறுந்தால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தோடுதான் காரில் ஏறுவேன். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அது எங்கே போனது என்று எனக்கே தெரியாது. பட்டுச் சேலையோடு நீர்வீழ்ச்சிக்குப் போன பெண் எங்கள் ஊர் குளுவாங்கில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

குளுவாங்கில் லம்பாக் மலைக்குக் கீழே ஒரு கல்லூரி இருக்கிறது. என் கணவர் அந்தக் கல்லூரியின் பஸ் ஓட்டுநர். திங்கள் முதல் வெள்ளி வரை மாணவர்களை ரயில் நிலையத்துக்கும் விடுதிக்கும் ஏற்றி இறக்குவார். பிறகு ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். வாரம் முழுக்க ஓட்டுகிற மனிதருக்கு ஒரு நாளாவது காலை நீட்டிப் படுக்கத் தோன்றாதா என்று என் தங்கை கேட்பாள். தோன்றாது. அவருக்கு ஓய்வு என்றால் சின்ன வண்டி ஓட்டுவது.

இடையில் சில வருடங்கள் எங்கள் ஜொகூர் மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை என்று ஆகிப்போனது. எங்கள் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம். அந்த நாட்களில் சனிக்கிழமை காலையில் ஊர் சுற்றிவிட்டு, சாயங்காலப் பூசைக்கு வேர்வையும் மண்ணுமாக ஓடி வருவோம். கோயிலில் கடைசி பெஞ்சுதான் எங்களுக்கு. மகளின் செருப்பிலிருந்து ஆற்று மணல் உதிரும். மாதா எங்களை மன்னித்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கே போவோம் என்று கேட்டால் பெரிய இடம் எதுவும் இல்லை. ரயில் நிலையத்துக் காப்பிக் கடையில் சுட்ட ரொட்டி சாப்பிட்டுவிட்டு லம்பாக் அடிவாரத்தில் உட்கார்ந்திருப்போம். பெலுமுட் மலை நீர்வீழ்ச்சியில் போய் ஊறிக்கொண்டிருப்போம். துரியான் பழக் காலமென்றால் காஹாங் சாலை. இரண்டு பக்கமும் செம்பனை வரிசை வரிசையாக ஓடும், நடுநடுவே யானை படம் போட்ட மஞ்சள் பலகை. அந்தப் பலகையைப் பார்த்ததும் மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொள்வாள். இதுவரை ஒரு யானைகூட எங்களுக்காக வந்து நின்றதில்லை. ஒருமுறை சாணி மட்டும் பார்த்தோம். அதையே ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிகாமட்டில் என் கணவரின் பழைய கூட்டாளி ஒருவர் இருக்கிறார், அவரும் பஸ் ஓட்டுநர். ஒரு மழைக்காலத்தில் அவர் வீட்டுக்குக் கோழிப் பிரட்டல் செய்து எடுத்துக்கொண்டு போனோம். ஊருக்குள் நுழைவதற்கு முன்னாலேயே ஆறு சாலைக்கு வந்துவிட்டிருந்தது. போலீஸ்காரர் கையைச் சுழற்றித் திருப்பி அனுப்பினார். என் கணவர் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தினார். கண்ணாடியெல்லாம் ஆவி படிய, மடியில் காகிதத்தை விரித்து, நண்பருக்குக் கொண்டுபோன கோழியை நாங்களே தின்று தீர்த்தோம். மகள் விரலால் கண்ணாடியில் கோழி வரைந்தாள். அன்று சாப்பிட்ட ருசி எந்தக் கல்யாண வீட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. கூட்டாளிக்கு இன்று வரை அந்தக் கோழியைப் பற்றித் தெரியாது.

சில வாரங்களில் கல்லூரிப் பிள்ளைகளும் வருவார்கள். வீட்டு ஞாபகத்தில் முகம் தொங்கிக் கிடக்கும் பிள்ளையை பஸ் கண்ணாடியிலேயே என் கணவர் கண்டுபிடித்துவிடுவார். “ஞாயித்துக்கிழம வீட்ல மீகூன் செய்றாங்க, வர்றியா” என்று கேட்பார். அந்த அரிசிச் சேமியாவைக் கிளறுவது நான், அழைப்பது அவர். கடல் கடந்து சபாவிலிருந்து வந்த ஒரு பெண் கடலைப் பார்த்து நான்கு மாதமாயிற்று என்றாள். மெர்சிங் கடற்கரையில் அவளை இறக்கிவிட்டதும் காலணியைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் ஓடினாள். போகும் வழியெல்லாம் பின்சீட்டில் ஒரே கூச்சல், அதைப் பாருங்கள், இதைப் பாருங்கள் என்று. நானும் கூடச் சேர்ந்து கத்துவேன். சொல்வதற்கென்ன வெட்கம், அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகத்தான் நான் மற்ற ஆறு நாளும் சமைத்தேன், துவைத்தேன், சண்டை போட்டேன்.

பிறகு மாநிலத்தில் ஞாயிறு விடுமுறை திரும்பி வந்தது. அதே வருடம் என் கணவரின் கால் போயிற்று.

முழுக்காலும் போகவில்லை. இனிப்புநீர், சர்க்கரை வியாதி. வலது காலில் ஒரு சின்னப் புண், அது ஆறவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவந்தபோது மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். காயம் ஆறிவிட்டது. ஆனால் பாதத்தில் உணர்ச்சி இல்லை. டாக்டரம்மா ஒரு குச்சியால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, “ரசா? ரசா?” என்று மலாயில் கேட்டார், தெரிகிறதா என்று. இவர் கண்ணை மூடிக்கொண்டு “இல்ல, இல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தார். இனி வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிரேக்கை மிதித்தோமா இல்லையா என்று தெரியாத காலோடு எப்படி ஓட்டுவது?

கல்லூரியில் நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டார்கள். வாசலில் சாவி கொடுக்கிற இடத்தில் வேலை போட்டுத் தந்தார்கள். அவர் ஓட்டிய பஸ் அவர் கண்ணுக்கு முன்னாலேயே தினமும் வெளியே போகும், உள்ளே வரும். வேறொருவர் ஓட்டுவார். அதைப் பற்றி வீட்டில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நின்றுபோனது. அவர் பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு பூசைக்குப் போய், அதிலேயே திரும்பி வந்துவிடுவார். நானும் மகளும் டாக்சியில். கார் வீட்டு வாசலில் நின்று இலை பொறுக்கியது. மூன்றாவது மாதமோ என்னவோ, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

“வண்டிய வித்துரலாம்.”

“ஏன்?”

“ஓட்ட ஆள் இல்ல. சும்மா நின்னா கெட்டுப்போகும்.”

“நான் ஓட்டுறேன்.”

அவர் சிரித்திருந்தால் தட்டை வீசியிருப்பேன். சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, “நீ ஓட்டினாலும் நான் ஏற மாட்டேன். இத்தன வருஷம் ஊரையே ஏத்திக்கிட்டுப் போயிட்டு, இப்ப மூட்டை மாதிரி உக்காந்து வர்றதா” என்றார்.

மகளுக்குப் பதினாறு வயது, லைசென்ஸ் எடுக்க வயது போதாது. மிஞ்சியது நான். எனக்கு நாற்பத்தெட்டு. அந்த வயதில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வகுப்பு முழுக்க என் மகள் வயதுப் பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் ஒரு பையன் எழுந்து வணக்கம் சொன்னான், ஆசிரியை என்று நினைத்துவிட்டான். நானும் உட்காரச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் அமர்ந்தேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீனத்து அக்கா. கையில் மிளகாய்ப் பாக்கெட் மாதிரி சிவப்பாக ஒரு விசிறி வைத்திருப்பார். நான் கிளட்சைத் தப்பாக விட்டால் அதால் டாஷ்போர்டைத் தட்டுவார். இரண்டாவது நாளே ஒன்றைக் கவனித்துச் சொன்னார். வளைவில் நான் வண்டியை மிக அகலமாக எடுத்துத் திருப்புகிறேனாம். எதிர்ச்சாரி வரை போய்விட்டுத் திரும்புகிறேனாம். “யார் கற்றுக்கொடுத்தது, லோரிக்காரரா?” என்று மலாயில் கேட்டார். பஸ்காரர் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

உண்மையில் எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததில் கண்ணாலேயே கற்றுக்கொண்டேன். சின்னக் காரைக்கூட அவர் பஸ் திருப்புவது போல்தான் திருப்புவார். அதுதான் சரி என்று என் கை நம்பிவிட்டது. சீனத்து அக்கா விசிறியால் அடித்து அடித்து அந்தப் பழக்கத்தை ஒருவழியாக எடுத்தார். மேட்டில் நிறுத்தி ஏறுவது, வண்டியை மூன்று தடவையில் திருப்புவது எல்லாம் வந்துவிட்டது. சோதனைக்குப் பேர் கொடுத்தேன்.

சோதனை நாளில் பக்கத்தில் ஒரு மலாய் அதிகாரி உட்கார்ந்தார். சின்ன வயது, கறாரான முகம். மேடு ஏறினேன், நிறுத்தினேன், திருப்பினேன், எல்லாம் சரி. இனி சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டியதுதான். நல்ல வெயில். நேரான சாலை. எனக்கே என் மேல் ஒரு பெருமை. அப்போது இடப்பக்கம் ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. ஒரு மலாய் அம்மா, கையில் இரண்டு பையோடு நின்றுகொண்டிருந்தார். நான் இடது சிக்னல் போட்டேன். வேகத்தைக் குறைத்தேன். சாலையோரக் கோட்டை ஒட்டி, அந்த அம்மாவுக்கு நேராகக் கதவு வரும்படி அழகாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்.

“ஆள் காத்திருக்கிறார்களே” என்றேன்.

வாயிலிருந்து வார்த்தை விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அந்த அம்மா பின்கதவைத் திறந்து ஒரு பையை உள்ளே வைத்துவிட்டார். சந்தைக்கு, பாசார் வரைக்கும்தான் என்றார். அதிகாரி இறங்கிப் போய் அவரிடம் மரியாதையாக விளக்கிப் பையை எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தவர் பயிற்சிப் பள்ளி வரும்வரை ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். சிரித்தாரே தவிர, சோதனையில் என்னைத் தேற விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தில் கைப்பையைச் சோபாவில் எறிந்தேன். என் கணவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். அந்த மலாய் அம்மா காருக்குள் பையை வைத்ததைச் சொன்னபோது அவருக்கு முகம் மாறியது. முதலில் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்கவே இல்லை. மகள் அறையிலிருந்து ஓடி வந்தாள், அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து.

“பஸ் ஸ்டாப்ல நிறுத்தச் சொல்லி யாரு உனக்குச் சொன்னா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நீங்கதான்.”

“நானா? எப்ப?”

“எப்பவுமே. நம்ம கார்லயும் ஒவ்வொரு ஸ்டாப்லயும் மெதுவாப் போவீங்க. சிக்னல்கூடப் போடுவீங்க. நாங்க சொல்றதில்ல.”

அவர் மகளைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

“அலமாக்” என்றார் மெதுவாக, ஐயையோ என்பது போல. அவருக்கே அது தெரியாது.

அதற்குப் பிறகு ஒன்று மாறியது. காரில் ஏறவில்லை, ஆனால் சாயங்காலம் எங்கள் தாமான் குடியிருப்பின் திடலுக்கு ஊன்றுகோலோடு நடந்து வந்தார். தூரத்தில் நின்றுகொண்டு என்னைப் பழக்கினார். “கோஸ்தான் போடு, கோஸ்தான்” என்று கத்துவார், ரிவர்ஸ் போடச் சொல்கிறார். “வா, வா, வா, ஒடி, இன்னும் ஒடி, நேரா வா, அவ்ளோதான்.” கோலைத் தூக்கிக் காற்றில் ஸ்டீயரிங் சுற்றிக் காட்டுவார். பந்து விளையாடுகிற பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். எனக்கு எரிச்சல், ஆனால் அவர் குரல் பழையபடி கணீரென்று வந்ததால் பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது சோதனையில் எந்த நிறுத்தத்தையும் ஏறெடுத்துப் பார்க்காமல் ஓட்டித் தேறினேன்.

காருக்கு முன்னும் பின்னும் புது ஓட்டுநருக்கான சிவப்பு ‘பி’ ஒட்டினோம். நாற்பத்தெட்டு வயதில் ‘பி’. மகள் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். சனிக்கிழமை ராத்திரி நான் மெதுவாகக் கேட்டேன்.

“நாளைக்கு பூசைக்கு அப்புறம் மெர்சிங் போலாமா?”

“நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க லா.”

“நீங்க?”

“எனக்கு எதுக்கு? நான் பக்கத்து வீட்டுக்காரர்கூட வந்துருவேன்.” கால் உறையைக் கழற்றிக்கொண்டே சேர்த்துக்கொண்டார். “நல்ல விலை வந்தா குடுத்துரலாம் அந்த வண்டிய. நீ பழகிட்ட, சின்னதா, கியர் மாத்தத் தேவயில்லாத ஆட்டோ கார் ஒன்னு வாங்கிக்கலாம் உனக்கு.”

உனக்கு என்ற அந்த ஒரு வார்த்தை என்னைக் குத்திவிட்டது. எங்களை விட்டு அவர் பாட்டுக்கு ஒதுங்கிக்கொண்டே போகிறார், இப்போது விட்டால் பிறகு பிடிக்க முடியாது என்று பட்டது. பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பூசை முடிந்தது. கோயிலுக்கு வெளியே சாலையோரம் ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை எடுத்து வரும்வரை என் கணவர் அதன் கூரைக்குக் கீழேதான் உட்காருவார், ரொம்ப நேரம் நிற்க முடியாது அவரால். நான் கார் நிறுத்துமிடத்திலிருந்து வண்டியை எடுத்தேன். சாலைக்கு வந்தேன். இடது சிக்னல் போட்டேன். வேகத்தைக் குறைத்து, கோட்டை ஒட்டி, அவர் முழங்காலுக்கு நேராகக் கதவு வரும்படி நிறுத்தினேன். மகள் பின்னாலிருந்து கையை நீட்டி முன்கதவைத் திறந்துவிட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எழவில்லை.

“போ” என்று கையைக் காட்டினார்.

“ஏறுங்க.”

“பின்னால வண்டி வருது, போ.”

“வரட்டும்.”

பூசை முடிந்து எல்லாக் காரும் ஒன்றாக வெளியே வருகிற நேரம். பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். நான் அசையவில்லை, ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என் முதுகில் வேர்வை ஓடியது வேறு விஷயம். பாதி கோயில் எங்களை வேடிக்கை பார்த்தது. ஃபாதரும் வாசலுக்கு வந்துவிட்டார்.

என் கணவரின் பிடிவாதம் என்னைவிடப் பெரியது. ஆனால் அவர் ஒரு பஸ் ஓட்டுநர். நிறுத்தத்தில் ஓர் ஆள் ஏறாமல் நின்று பேசி, பின்னால் சாலை அடைபடுவதை வாழ்நாள் முழுக்க வெறுத்தவர். மூன்றாவது ஹார்னுக்கு அவரால் தாங்க முடியவில்லை. ஊன்றுகோலை உள்ளே எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

“ரோட்டை அடைச்சிக்கிட்டு நிக்கிற, மூளை இருக்கா உனக்கு? மூவ் பண்ணு, மூவ் பண்ணு.”

மூவ் பண்ணினேன். நேராகக் காஹாங் சாலைக்கு.

முதல் அரை மணி நேரம் அவர் வாய் ஓயவில்லை. கியர் மாற்று, கண்ணாடி பார், அந்த லோரியை விட்டுத் தள்ளி வா. எதிரே ஏதாவது வந்தால் வலது காலைத் தரையில் ஓங்கி மிதித்தார். உணர்ச்சியில்லாத கால், இல்லாத பிரேக். மகள் பின்னாலிருந்து, “அப்பா, அந்தப் பக்கம் பிரேக் குடுக்கலப்பா” என்றாள். சிரிக்காமல் மறுபடியும் மிதித்தார். ஒரு வளைவில், அகலமா எடு என்றார். அகலமாக எடுத்தால் சீனத்து அக்கா அடிப்பார் என்றேன்.

காஹாங்கில் பொறுமை தீர்ந்துவிட்டது. ஒரு கடை வாசலில் காரை நிறுத்தினேன்.

“இங்க பாருங்க. ஒன்னு நீங்க பேசாம வாங்க. இல்ல, இங்க இறங்கி யானைகூட வீட்டுக்குப் போங்க.”

அவர் கடைக்குள் பார்த்தார். “இளநி இருக்கும், வாங்கு” என்றார். இளநீர் வாங்கிக் குடித்தோம். அதற்குப் பிறகு கொஞ்சம் அடங்கினார். கால் மட்டும் பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது.

மெர்சிங் கடற்கரையில் பாயை விரித்து மீகூனும் மிளகாய்ச் சம்பல் போட்ட முட்டையும் சாப்பிட்டோம். அவர் ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு, காலில் மணல் படாமல் உறையோடு நீட்டி வைத்திருந்தார். மகள் அலைக்குப் போய் முழங்கால் வரை நனைந்து வந்தாள். நான் பாதி நேரம் கடலைப் பார்த்தேன், பாதி நேரம் காரைப் பார்த்தேன். கார் நிழலில் சாதுவாக நின்றது. இவ்வளவு தூரம் நானா அதை ஓட்டி வந்தேன் என்று எனக்கு நம்ப முடியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு முட்டை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மூன்று மணி போலத் திரும்பினோம். ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்து, தார்ச்சாலை பளபளவென்று கிடந்தது. காஹாங் தாண்டியதும் அவர் பேச்சு அடியோடு நின்றுவிட்டது. கால்கூடத் தரையை மிதிக்கவில்லை. முகத்தை முழுவதுமாகத் தன் பக்க ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டுவிட்டார். காலையில் பேசாமல் வாருங்கள் என்று சொன்னவள் நான்தான். ஆனாலும் வேகத்தைக் குறைத்து அவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். அழுகிறாரோ? ஒருநாள் வந்தாயிற்று, இதற்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாரோ? வீட்டுக்குப் போய் இறங்கியதும் மறுபடியும் வண்டியை விற்கிற பேச்சுதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படிச் சொன்னால் இந்தத் தடவை எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

“என்னங்க, கால் வலிக்குதா?”

“இல்ல.”

“பின்ன என்ன?”

விரலை ஜன்னல் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். பிறகு கேட்டார்.

“அது என்ன மலை?”

செம்பனை தாழ்ந்து வெட்டவெளியாகும் ஓர் இடம் அந்தச் சாலையில் உண்டு. அங்கிருந்து மலை முழுசாகத் தெரியும். மழை கழுவிவிட்டு இடுப்பில் ஒரு மேகத்தைச் சுற்றியிருந்தது. அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

“பெலுமுட்தான். வேற என்ன மலை?”

“நாம குளிக்கப் போவோமே, அதா?”

“அதேதான்.”

“இவ்வளவு பெருசா?”

அடிவாரம் வரை எத்தனையோ தடவை எங்களைக் கொண்டுபோய் விட்டவர். அங்கே கார் எங்கே நிழலில் நிற்கும், எந்தப் பள்ளத்தில் டயர் இறங்கும் என்று தெரியும். மலை தெரியாது.

மகள் முன்னால் எட்டிப் பார்த்தாள். “அப்பா, ஒவ்வொரு வாட்டியும் இந்த இடத்துல நாங்க கத்துவோமே. பாருங்க, பாருங்கன்னு.”

“நீங்க கத்துவீங்க” என்றார் அவர், ஜன்னலிலிருந்து திரும்பாமலே. “எனக்கு எதிர்ல லோரி வரும். நீங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கீங்க.”

எனக்குச் சாலை மங்கியது. கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கவும் பயம், இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். நாங்கள் குரங்கு பார்த்தோம், கடல் பார்த்தோம், மேகம் பார்த்தோம். இவர் சாலையின் வெள்ளைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பத்தோடு போனோம், குடும்பத்தோடு போனோம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன் நான். எங்களைக் கூட்டிப் போனவர் அவர். கூட வந்தது இன்றைக்குத்தான்.

சாலையோரம் அகலமான மண் இடம் ஒன்று வந்தது. சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரமாக நிறுத்தினேன். நான்கு விளக்கும் மினுக்க விட்டேன். அவர் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். மேகம் மெதுவாக மலையின் மேல் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. லோரிகள் எங்களைத் தாண்டிப் போனபோது கார் லேசாக ஆடியது. நேரமாகிறதே, வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர வேண்டுமே, புது ஓட்டுநர் நான் என்ற கவலையில் கியரில் கையை வைத்தேன்.

“இரு” என்றார் அவர். “நான் இன்னும் பாத்து முடிக்கல.”